பதினொன்று சார் டீ குடிக்கப் போயிருக்கார்

பகா எண் சங்கத்தில் சேர ஒரே விதிதான். உறுப்பினர் யார் வகுத்தாலும் மீதி வர வேண்டும். ஒரு லட்சத்து ஒன்று வேர்த்துக்கொண்டே நின்றது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு எல்லாம் வகுத்துப் பார்த்தன. ஒவ்வொரு முறையும் மீதி விழுந்தது.

“அப்புறம் என்ன சார், கையெழுத்துப் போடுங்க!”

“இருப்பா” என்றது ஏழு. “அடுத்து பதினொன்று சார். டீ குடிக்கப் போயிருக்கார்.”

“என் உடம்பைப் பாருங்க. அவரால என்ன சார் ஆகும்?”

பதினொன்று வாயைத் துடைத்தபடி வந்து வகுத்தது. மீதி பூஜ்யம். ஒரு லட்சத்து ஒன்று நின்ற இடத்தில் ஒல்லியாக 9091 நின்றது.

“சார், இது புது விண்ணப்பம்” என்றது அது.

உறுப்பினர் எல்லோரும் வகுத்தார்கள். எல்லோருக்கும் மீதி வந்தது.

“இத்தனை நாள் எங்கேப்பா இருந்தே?” என்று பதினொன்று கேட்டது.

“உள்ளேதான் சார்.”