இன்னும் தடவாத வரிசை

பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரக் காற்றில் செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடம் தடதடக்கிறது. காலை வெயில் விழுந்து மினுங்கும் குடைமிளகாய்ச் செடிகளின் முன்னால் ஆய்வுக்கூடத் தலைவர் பெர்த்ராம் தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எதிரே பத்திரிகைக்காரியின் கேமரா. "செடி புரதம் கட்ட ஆரம்பிக்கணும்னா ஒரு காரணி வேணும். வைரஸும் அதைத்தான் திருடிப் பிழைக்குது. நாங்க அந்தக் காரணியோட உருவத்தையே மாத்திட்டோம், இனி வைரஸால அதைப் பிடிக்க முடியாது. பாருங்க, ஒரு இலையில புள்ளி இருக்கா?" மூலையில் நோய் பிடித்த இலைகளைக் கல்வத்தில் அரைத்துக்கொண்டிருக்கும் உதவியாளர் ஓதீலுக்குச் சிரிப்பு வருகிறது, காறித் துப்புவது போன்ற சிரிப்பு. அவர் காட்டும் அந்த வரிசைக்கு, நோயைத் தாங்குகிறதா என்று சோதிக்க, அவள் இன்னும் வைரஸ் சாறு தடவவே இல்லை. போருக்கே போகாதவனுக்குப் பதக்கமாம். ஆறு வருஷத்தில் ஒரு நாள் இந்த மனுஷன் கையில் மண் பட்டதில்லை. அவள் கல்வத்தோடு எழுந்து போய் அவர் மூக்குக்குக் கீழே நீட்டுகிறாள். பச்சைச் சாறு நாறுகிறது. "தலைவரே, இதுங்களுக்கு இன்னும் வைரஸே தடவலை. கேமரா முன்னாடி உங்க கையாலயே தடவிடுங்களேன். பத்து நாள்ல தெரிஞ்சிடும்." பெர்த்ராமின் வெள்ளைக் கை மெல்ல நழுவிக் கோட்டுப் பைக்குள் போய் ஒளிகிறது. பத்திரிகைக்காரி செடிகளை விட்டுவிட்டு அந்தப் பையைப் படமெடுக்கிறாள்.