சுற்றிப் பார்க்க வந்தவள்

"இந்தப் பூவைப் பாருங்க பாஜி. ஷாஜகான் காலத்துல பூத்தது, இன்னும் வாடல" என்று என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு, சுவரில் பதித்த ஓடுகளைக் காட்டினான் வழிகாட்டி.

நான் பூவைப் பார்க்கவில்லை. வாசல் வழியாக வெளியே சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனாயத்துல்லாவை இன்னும் கொண்டுவரவில்லை.

லாகூர் வசீர் கான் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்க வருகிற பெண்ணை யாரும் தடுக்க மாட்டார்கள். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு வருகிறவளைத்தான் வீட்டில் போய் அழச் சொல்வார்கள். அதனால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டு, சுற்றுலாக்காரியாக வந்திருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்த வீடு இங்கிருந்து மூன்று சந்து தள்ளி.

"பாஜிக்கு எந்த ஊரு?"

"முல்தான்."

பொய்யில்லை. இனாயத்துல்லா என்னைத் தலாக் சொல்லித் துரத்திய நாளிலிருந்து அதுதான் என் ஊர். திரும்பி லாகூரில் கால் வைத்தால் உன் தம்பிக்குக் கால் இருக்காது என்று ஆள் விட்டுச் சொன்னார். செய்யக்கூடியவர்தான். இருபது வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

லாகூரில் நடப்பதையெல்லாம் எனக்குச் சொல்லும் தம்பி நேற்று போன் செய்து, "ஆள் போயிட்டான்" என்றான்.

நான் அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தொழுகைக்கு முன்னால் இறந்தவரின் மகன் எழுந்து நின்று, அவருக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்பான். மன்னித்தோம் என்று ஊர் சொல்லும். மனிதனுக்குச் செய்த கொடுமையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அல்லாகூட அதில் தலையிடுவதில்லை. அந்த இடத்தில் "நான் மன்னிக்கல" என்று ஒரு குரல் எழுந்தால், அந்தச் சுமையோடுதான் குழிக்குள் இறங்க வேண்டும்.

இனாயத்துல்லா அப்படித்தான் இறங்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

என் பையனை மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

இனாயத்துல்லாவைச் சுமந்த கட்டில் வந்தது. பச்சைத் துணி போர்த்திச் சதுக்கத்தில் இறக்கினார்கள். அவரைப் போன்ற ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள். பள்ளிவாசலைப் பார்த்து வரிசை வரிசையாக நின்றார்கள்.

நான் வாசல் படியில், அத்தனை பேருக்கும் எதிரே நின்றேன்.

"ஜனாஸா நடக்குது பாஜி, உள்ளே வந்துடுங்க" என்று வழிகாட்டி முனகினான். நான் நகரவில்லை.

மகன் கட்டிலின் தலைமாட்டில் வந்து நின்றான். பார்க்கக் கூடாது என்று நினைத்தவள் பார்த்துவிட்டேன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்க அப்பா பேச்சாலயோ கையாலயோ யாரையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக அவரை மன்னிச்சிருங்க" என்றான்.

"மன்னிச்சோம், மன்னிச்சோம்" என்றது கூட்டம். அதற்கென்ன, வாய் வார்த்தைதானே.

நான் வாயைத் திறந்தேன். அந்த நொடியில்தான் முல்தானில் பார்த்த ஒருவரின் நினைவு வந்தது. ஒரு ஜனாஸாவில் அவர் மன்னிக்க மாட்டேன் என்று கத்தினார். நாலு பெரிய மனிதர்கள் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவருக்கு என்ன கொடுமை நடந்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

மன்னிக்க மறுக்கிறவரின் வாயை அடைத்துவிடலாம். மன்னிக்கிறவரின் வாயை யார் அடைப்பார்கள்?

மறுமையில் வேண்டுமானால் இனாயத்துல்லா தப்பித்துப் போகட்டும். இந்த ஊரில் தப்பிக்கக் கூடாது.

"நானும் மன்னிச்சேன்" என்றேன் உரக்க.

வரிசைகள் நிமிர்ந்து பார்த்தன.

"என் தம்பி காலை வெட்டுவேன்னு மிரட்டினாரு. மன்னிச்சேன்."

முன்வரிசைக் கிழவர் ஒருவர் தலையாட்டினார். "பெரிய மனசும்மா உனக்கு."

"பால் குடிக்கிற பிள்ளையைப் பிடுங்கி வச்சுக்கிட்டு என்னைத் தெருவுல தள்ளினாரு. அதையும் மன்னிச்சேன்."

கிழவரின் தலை ஆடுவது நின்றது. இமாம் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"பீபி, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அரைகுறையா மன்னிச்சா எப்படி ஹஸ்ரத்? முழுசா மன்னிச்சிட்டுப் போறேன்."

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அந்த முகத்தை நான் கனவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நிறுத்தவில்லை. இப்போது நிறுத்தினால் இனி எப்போதும் சொல்ல முடியாது.

"உன் அம்மா செத்துட்டான்னு உன்கிட்ட சொன்னாரு. ஒரு கபரைக் காட்டி, வியாழக்கிழமை தவறாம அதுல உன்னைப் பூப்போட வச்சாரு" என்றேன் அவனிடம். "அதையும் மன்னிச்சேன்."

பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைமாட்டை விட்டு ஓரடி என் பக்கம் வந்தான்.

"அப்ப அந்தக் கபர்ல இருக்கிறது யாரு?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்று கட்டிலைக் காட்டினேன். "அவரைத்தான் கேக்கணும்."