யார் பெயரில் இருக்கிறது?

"அவன் யாருன்னு தெரியாம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போறதில்ல தம்பி" என்று அந்த அம்மாள் கைப்பையை மடியில் இருத்திக்கொண்டாள். நாட்டின் இணையதளப் பெயர்களையெல்லாம் பதிந்து கொடுக்கும் அலுவலகம் அது. எதிரே இருந்த பதிவாளர், ஆறிப்போன காபியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

விஷயம் இதுதான், கேளுங்கள். அவளுடைய கணவர், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் சங்கத் தலைவர். அவரைக் கிழித்துத் தொங்கப்போடுவதற்கென்றே யாரோ ஓர் இணையதளம் நடத்துகிறார்கள். எழுதுகிற ஆளைக் கண்டுபிடித்து வீட்டை விட்டே துரத்தாமல் ஓய்வதில்லை என்று மனிதர் சபதம் போட்டிருக்கிறார்.

பதிவாளர் தளத்தைத் திறந்தார். 'லிஃப்ட் ஓடுவதில்லை; தலைவரின் பெயர்ப்பலகைக்கு மட்டும் மாதாமாதம் மெருகு ஏறுகிறது' என்று முதல் வரியே ஆரம்பித்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இதுக்கேவா? கீழ போய்ப் படிங்க" என்றாள் அம்மாள்.

கீழே போனவர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வேறு எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, கவலையை விடுங்கள், இந்தப் பெயரின் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது, யாரும் புதுப்பிக்காவிட்டால் தளம் தானாகவே படுத்துவிடும் என்றார். அம்மாளின் முகம் மலரவில்லை. அதெல்லாம் இருக்கட்டும், ஆள் யார் என்று சொல்லுங்கள் என்றாள்.

கம்பெனிகளுக்கு ஒரு பிரிவு, அதில் பெயரை எடுத்தது யார் என்று எவரும் பார்க்கலாம். இது தனியாட்களுக்கான பிரிவு. இதில் சொந்தக்காரர் யார் என்பதை, கோர்ட் கேட்டாலொழிய வெளியே விடுவதில்லை என்று பதிவாளர் பொறுமையாக விளக்கினார்.

அவள் கெஞ்சிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருடைய மேலதிகாரி தன் சம்பந்தி வீட்டாருக்கு ரொம்ப வேண்டியவர் என்றும் சொல்லிப் பார்த்தாள். பதிவாளர் அசைந்து கொடுக்கவில்லை.

"நாளைக்கு எங்க வீட்டுக்காரரே வருவாரு. மேசையைத் தட்டுவாரு."

"தட்டட்டும்மா. மேசை அரசாங்கத்தோடது."

"கத்துவாரு. அவரு கத்தினா மூணு மாடிக்குக் கேக்கும்."

"இங்க ரெண்டு மாடிதான்மா."

"அப்பவும் சொல்ல மாட்டீங்க?"

"சொன்னா என் வேலை போயிடும். யாரு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அவள் சற்று நேரம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கைப்பையைத் திறந்து, தன் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அப்ப சரி. அந்தப் பேரை இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சுடுங்க தம்பி."