ஜன்னலுக்கு எதிரே ஐந்து மாடி

கண்டிக் கடைத்தெருவில் எழும்பும் ஐந்து மாடிக் கட்டடம் நேற்று பிலோமினாவின் மேல்வீட்டு ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. கை நீட்டினால் தொடலாம். பாதி எழும்பிய செங்கல் சுவருக்கு அப்பால் சாரத்தில் நின்று சுவக்கின் என்ற மேசன் கல் வைக்கிறார். மாலை வெயில் அவர் தோளைத் தாண்டி அவள் உட்கார்ந்திருக்கும் கதிரையில் விழுகிறது. கணவர் கண்மூடிய பிறகு அந்த அறைக்குள் இன்னொரு குரல் கேட்பது இந்த இரண்டு நாளாகத்தான். "நாளைக்கும் இங்கதான் நிப்பீங்களா மேசன்?" "இல்லைங்கம்மா, இன்னும் ரெண்டு வரிசைதான். அப்புறம் ஒங்க தலைக்கு மேல போயிருவோம். கொழும்புக்காரனுங்களே அண்ணாந்து பாக்கப் போறானுங்க!" "அப்ப எனக்கு ஜன்னல்ல என்ன தெரியும்?" "சுவருதாம்மா." சாந்துக் கரண்டி கல்லில் தட்டுகிறது. கீழே ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போகிறது. நிழல் அவள் மடிவரை ஏறிவிட்டது. "மேசன், அந்தக் கல்லு கோணலா இருக்கே." சுவக்கின் தூக்குக்குண்டை விட்டுப் பார்க்கிறார். நூல் சுவரோடு ஒட்டி நேராக நிற்கிறது. "நல்லாப் பாருங்கம்மா, இதா கோணல்?" "கோணல்தான்," என்கிறாள், கதிரையின் கையை இறுகப் பிடித்தபடி. அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். "ஆமாங்கம்மா, வரிசையே கோணல்," என்று சொல்லி, ஈரச் சாந்தைச் சுரண்டி, முதல் கல்லைப் பெயர்க்கிறார்.