தினம் ஒரு கைப்பிடி

“எங்கே, வாயைத் திறங்க பார்ப்போம்.”

தோட்டத்திலிருந்து உள்ளே நுழைந்த கணவரைக் கொல்லைக் கதவிலேயே மடக்கினாள் அவள். முப்பது வருஷம் பேருந்து ஓட்டி, ஒரு லாரிக்கும் வழிவிடாத மனுஷர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார்.

கடைவாய்ப் பல்லில் பச்சையாக ஒரு துணுக்கு.

அவருக்கு இதய வால்வு மாற்றி எட்டு மாதம். ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றோடு அவள் சமையலறையில் பச்சை ஒழிந்தது. தோட்டத்தை மட்டும் விட மாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். பாலக்கும் லெட்டூஸும் கடுகிலையும் கலந்து விதைத்த ஐந்து பாத்தி. எல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கத்தான், தான் ஒரு இலை தொடமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார்.

அடுப்பே வேண்டாத கீரை என்பதை அவள் யோசிக்கவில்லை. கிள்ளி, குழாயில் அலசி, அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

“எத்தனை நாளா இந்த ஆடு மேயுற வேலை நடக்குது?”

“கொஞ்சம்தான்மா. டாக்டரே என்ன சொன்னார்னா...”

“டாக்டரை இழுக்காதீங்க. போன மாசம் எதுக்கு மாத்திரை அளவை ஏத்தினார்னு இப்பதான் புரியுது. நான் தாலி கட்டின பொண்டாட்டியா, மாடு மேய்க்க வந்தவளா?”

மறுநாள் காலை அவர் நடக்கப் போன நேரத்தில் ஐந்து பாத்தியையும் வேரோடு பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டாள். நகக்கண்ணில் மண் ஏற, அழுதுகொண்டேதான் பிடுங்கினாள். அவர் கையால் பிள்ளை மாதிரி வளர்த்தது என்று அவளுக்குத் தெரியாதா?

திரும்பி வந்தவர் வெறும் மண்ணைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதற்கடுத்த பத்து நாளும் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், மாத்திரையை நீட்டினால் விழுங்கினார். போகட்டும், ரோஷம் இருந்தால் என்ன, ஆள் இருக்கிறாரே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிடாமல் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

பதினோராம் நாள் காலை, முகம் மழிக்கும்போது அவருக்குத் தாடையில் சின்னதாக ஒரு கீறல். துண்டால் அழுத்தினாள். துண்டு நனைந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் நனைந்தது. மூக்கிலிருந்தும் ரத்தம் வரத் தொடங்கியதும் டாக்டருக்குப் போன் போட்டாள்.

“இத்தனைக்கும் ஒரு இலை உள்ள போகலை டாக்டர். பத்து நாள் முன்னாடியே தோட்டத்தை அடியோட அழிச்சிட்டேன்.”

“அம்மா, அவர் கீரை தின்னது எனக்குத் தெரியும். போன மாசமே ஒத்துக்கிட்டார். விட முடியலைன்னா தினம் ஒரே கைப்பிடி தின்னுங்க, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதுன்னு சொல்லி, அந்தக் கீரைக்கு ஈடாத்தான் மாத்திரையை ஏத்தினேன். கீரை இல்லாம அந்த மாத்திரையை மட்டும் யாரும்மா அவருக்குக் கொடுத்தது?”