சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

நாத்தனார் ஸ்கேன் படுக்கையில் மல்லாந்து, கூரையை முறைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவள் விலாவில் பசையைத் தடவி, கருவியை வைத்துத் தட்டினாள். டொக். டொக்.

சற்றுமுன் அதே படுக்கையிலிருந்துதான் என் மகள் இறங்கினாள். ஒன்பது வயது. ஈரலில் வடு ஒரு படி ஏறியிருந்தது. “பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் ஏறும்” என்று போன வருடம் சொன்ன டாக்டர், இந்த வருடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

நான் அழவில்லை. வேறு வேலை இருந்தது. கைப்பையில் ஒரு டம்ளர் இருந்தது.

மகள் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி என்று தெரிந்த அன்றே, நாத்தனார் அந்த டம்ளர்மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். பிள்ளை அதில்தான் குடிக்க வேண்டும். டம்ளரால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

“எல்லாம் தாய்வழிச் சீதனம்” என்றாள்.

என் ரத்தம் சுத்தமாக வந்தது. அவளோ சோதனைக்கே வராமல் மழுப்பினாள். போன மாதம் கண் ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தார்கள். அதே கிருமி. அத்தைக்கு வயிற்றுவலி என்று மகளிடம் சொல்லிவைத்தோம்.

ஸ்கேனுக்கு முன் பச்சைத்தண்ணீர் கூடாது. முடிந்ததும் நாத்தனார் கேட்பாள். அந்த ஒரு வாய்க்காகத்தான் டம்ளரைச் சுமந்து வந்திருந்தேன். பழிவாங்கப் போகிறவர்கள் அரிவாள் எடுத்துப்போவார்கள். எனக்கு வாய்த்தது எவர்சில்வர்.

‘இந்தாங்க அண்ணி, இனிமே இது உங்களோடது.’ கண்ணாடி முன் ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன். கண்ணாடிக்குச் சிரிப்பு வந்ததே தவிர, பயம் வரவில்லை.

டாக்டர் திரையைப் பார்த்தார். நாத்தனாரின் ஈரல் பூப்போல இருந்ததாம். வடுவே இல்லை. ஐம்பது வயதுக்கு அது, ஒன்பது வயதுக்கு இது. கடவுளுக்குக் கணக்கு வராது.

“தொண்டை வத்துது, தண்ணி இருக்கா?”

டம்ளரில் ஊற்றி, பொட்டு அவள் பக்கம் தெரியும்படி நீட்டினேன். வாங்கியவள் பார்த்தாள். கை பாதியில் நின்றது. நான் வசனத்துக்கு வாயெடுத்தேன்.

மகள் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“அத்தை, குடிக்காதீங்க! அது என்னோட டம்ளர். உங்களுக்கு ஒட்டிக்கும்!”



நாத்தனார் டம்ளரை மடியில் வைத்து, நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

உசத்தியான பூச்சு. எத்தனையோ நாள் நான் தேய்த்துப் பார்த்தும் போகாதது.

அதை அவளிடம் சொல்லவில்லை. சுரண்டட்டும்.