கடைசி அத்தியாயம்

"இன்னிக்காவது எழுதினியா?"

கணவர் கேட்டபோது அவள் ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதணும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. உன்கூடச் சேர்ந்தவங்கல்லாம் பட்டம் வாங்கி வேலைக்கும் போயாச்சு. நீ மட்டும் மேகம் மேய்ச்சுக்கிட்டிருக்கே."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிநாட்டு உதவியால் விவசாயம் எப்படி வளர்கிறது என்பதுதான் அவள் ஆய்வு. ஊருக்கு வெளியே ஒரு மொட்டைக் குன்றில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பழமரக் கன்றுகள் நட்டு, ஆற்றிலிருந்து மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. பலன் என்ன என்று அவள் எழுதித் தரவேண்டும். ஒரே ஓர் அத்தியாயம்தான் பாக்கி. அது பாக்கியாகவே இருந்தது.

துறையில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

அன்று மதியம் குன்றுக்குப் போனாள். கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த விவசாயப் பெண் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தாள்.

"ஏம்மா, உன் ஆராய்ச்சி முடிஞ்சதும் மோட்டாரைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவாங்களாமே. நிஜமா?"

"ஆமாக்கா. ஒப்பந்தம் அப்படித்தான்."

"வேர் இன்னும் மேலாகத்தான் இருக்கு. அடி ஈரத்தைத் தொட்டுட்டா அப்புறம் யார் தயவும் வேண்டாம். இப்ப நிறுத்தினா அத்தனையும் சுள்ளிதான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "எப்பம்மா முடியும்?"

"எனக்கு வேகமா எழுத வராதுக்கா."

அந்தப் பெண் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் ஒரு கன்றின் அடியில் படுத்துக்கொண்டாள். அதன் நிழல் அவள் முகத்துக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். கண்ணை மூடினாள். தரைக்குக் கீழே வேர்கள், இருட்டில் சுவிட்சைத் தேடும் கைகளைப் போல, மெல்லத் துழாவித் துழாவி இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவளும் கூடவே இறங்கினாள்.

கடைசி அத்தியாயத்தை மனசுக்குள் எப்போதோ எழுதி முடித்தாயிற்று. காகிதத்தில் இறக்கத்தான் கை வரவில்லை.

மறுவாரம் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அவர்தான் அவள் ஆய்வுக்கு வழிகாட்டி. அவர் அறையில் உதவி நிறுவனத்தின் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"மேடம், எங்களால இனிமே காத்திருக்க முடியாது. உங்களால முடியலைன்னா வேற ஆளை வச்சு முடிச்சுக்கிறோம்" என்றார் அதிகாரி.

வேறு ஆள் வந்தால் ஒரு மாதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் பிடித்துக்கொண்டார்.

"இவளை மாதிரி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததே இல்லை சார். மண்ணை அளந்தா தண்ணியை அளக்க மாட்டா. தண்ணியை அளந்தா மரத்தை மறந்துடுவா. இவ எடுத்து வச்சிருக்கிற கணக்கு இவளைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது. வேற ஆள் வந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ரெண்டு மூணு வருஷம் இழுத்துடும். தலையெழுத்து, இவளை வச்சே முடிச்சாகணும். இன்னும் ஒரு வருஷம் கொடுங்க. நான் பக்கத்துலயே உட்கார்ந்து எழுத வைக்கிறேன்."

அவள் தலைகுனிந்து நின்றாள். அவள் கணக்குகள் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். அவருக்கே அது தெரியும். இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை ஒரு வெளியாள் முன்னால் இப்படிக் குப்பையில் போடுகிறாரே என்றிருந்தது.

அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி சார், உங்களுக்காக. ஒரு வருஷம்தான். அதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க."

அவர் போனதும் பேராசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மன்னிச்சுடுங்க சார்" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது.

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேர் அடி ஈரத்தைத் தொட ஒரு வருஷம் போதுமாம்மா? போதாதுன்னா இப்பவே சொல்லிடு. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் மோசமா திட்டறேன்."